டெண்டர்லாயின் சொதப்பினால்: பன்றிக்கறி வறுவலிலும் ரோஸ்டிலும் வரும் கோளாறுகள்

சேலத்தில் பன்றிக்கறி என்றால் பெரும்பாலும் தோலும் கொழுப்பும் எலும்பும் கலந்த துண்டுகள்தான். குக்கரில் நாலைந்து விசில் விட்டு, அப்புறம் இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுச் சுண்ட வறுப்போம். அந்தக் கறிக்கு அதுதான் சரி. அதே முறையை டெண்டர்லாயினுக்கும் கொண்டுபோனால் காசு தண்டம். பன்றியின் முதுகெலும்புக்கு உள்பக்கம், இடுப்பை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு சதைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவைதான் டெண்டர்லாயின். தொடையும் தோளும் உழைக்கிற அளவுக்கு இவை உழைப்பதில்லை. அதனால் சதை இயல்பிலேயே மெத்தென்றிருக்கும். கொழுப்பு ஏறக்குறைய இல்லை. வெகுநேரம் வெந்து இளக வேண்டிய நாரும் இல்லை. வெந்ததும் இறக்கிவிட வேண்டிய கறி இது. அதற்குமேல் அடுப்பில் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசிக்கு மூலகாரணம் இதுவே.

கடையில் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் மற்ற கறியோடு சேர்த்து வெட்டிப் போட்டுவிடுவார்கள். வெண்பன்றிப் பண்ணைக் கறி விற்கிற கடைகளில் டெண்டர்லாயின் என்றாலே தெரியும். சிலர் அண்டர்கட் என்பார்கள். இரண்டும் புரியாத இடத்தில், “அண்ணா, முதுகெலும்புக்கு உள்ளார நீளமா ஒரு சதை ஓடுமில்லீங்க, அதை வெட்டாம முழுசாக் குடுங்க” என்றால் போதும். “அதுல கொழுப்பே இருக்காதுங்க, ருசி வராதுங்க” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லுவார். பாதி உண்மைதான். பண்ணைப் பன்றியில் ஒரு சதை சுமார் 350 முதல் 500 கிராம் வரை இருக்கும். சின்ன உருப்படி என்றால் இன்னும் குறையும்.

ஒழுங்காக நடந்தால் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோஸ்ட் என்றால் முழுத்துண்டுக்கு உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரம் துடைத்து, சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க ஆறேழு நிமிடம் திருப்பிவிட்டு, 200 டிகிரி ஓடிஜியில் (OTG, மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார அவன்) பத்து முதல் பதினைந்து நிமிடம். வெளியே எடுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருந்து வெட்டுவது. வறுவல் என்றால் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டி, பக்கத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை நிமிடம். குக்கருக்கு இங்கே வேலையே இல்லை. இனி உங்கள் தட்டில் இருப்பது எந்தக் கோளாறு என்று பாருங்கள்.

வறண்டு சக்கையாகிவிட்டது

அதிகம் கேட்கிற புகார் இதுதான். காரணமும் ஒன்றுதான்: அதிகமாக வெந்துவிட்டது. ‘இன்னும் கொஞ்சம் வேகட்டும், மெத்தென்று ஆகும்’ என்பது தொடைக்கறிக்கும் தோள்கறிக்கும் பொருந்தும். அவற்றில் இருக்கிற கொலாஜன் என்ற நார்ப்பொருள் நீண்ட நேரச் சூட்டில் கரைந்து வழவழப்பாகி, சதை இழந்த ஈரத்தை ஈடுகட்டும். டெண்டர்லாயினில் ஈடுகட்ட எதுவும் இல்லை. உள்சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சதை இழைகள் பலமாகச் சுருங்கித் தங்களுக்குள் இருக்கிற நீரைப் பிழிந்து வெளியே தள்ள ஆரம்பிக்கும். 75-க்கு மேல் போனால் மீட்க வழியில்லை.

சரி, எப்போது இறக்குவது? கடிகாரத்தை நம்பாதீர்கள். துண்டின் கனம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து எவ்வளவு நேரமாச்சு, சட்டியின் கனம் என்று எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். கூரிய முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான்; வீணாகப் போகிற இரண்டு துண்டு டெண்டர்லாயினின் விலைகூட வராது. முனையை மேலிருந்து குத்தாமல், தடித்த தலைப்பக்கத்திலிருந்து நீளவாக்கில் நடுமையம் வரை செருகுங்கள். மேலிருந்து குத்தினால் முனை மறுபக்கம் போய்ச் சட்டியின் சூட்டைக் காட்டிவிடும்.

அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்சூடு மூன்று நான்கு டிகிரி ஏறும். அதைக் கணக்கில் வைத்து முன்னதாகவே எடுக்க வேண்டும். 63 வேண்டுமென்றால் 60-இல், 71 வேண்டுமென்றால் 67, 68-இல். எந்த எண் உங்களுக்குச் சரி என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன், ஏனென்றால் அது ருசியை மட்டும் பொறுத்த விஷயம் அல்ல.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். புது தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதித்தால் 100 காட்டாது. 95-ஐ ஒட்டித்தான் நிற்கும். கருவி பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகாதீர்கள். ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. கீழே சேலத்தில் 99 காட்டும். மலையிலும் கீழேயும் பிசகில்லாத சோதனை ஐஸ் தண்ணீர்தான். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு நிமிடம் கலக்கல். 0 காட்டினால் கருவி சரி.

வறட்சிக்கு எதிரான இன்னொரு காப்பு உப்பு. அரைக் கிலோ கறிக்குத் தூள் உப்பு தட்டையாக ஒரு டீஸ்பூன், அதாவது ஏறக்குறைய 6 கிராம், எல்லாப் பக்கமும் தடவி, குறைந்தது முக்கால் மணி நேரம், முடிந்தால் முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் நீர் விடும், பிறகு அதே நீர் உப்போடு உள்ளே போகும். உப்பு ஏறிய சதை சூட்டில் ஈரத்தை எளிதில் விடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்புக் கரைத்து, அதில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஊறவைப்பதும் வேலை செய்யும். கறி சற்றே நீர்த்த ருசியாகிவிடுவதால் எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. கொஞ்சம் அதிகமாக வேகவைத்தே தீருவேன் என்கிறவர்களுக்கு அதுவே நல்லது.

உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது, சாப்பிடலாமா?

நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. சில துண்டு 63 டிகிரியிலேயே வெளுத்துவிடும். சில துண்டு 71 தாண்டியும் லேசாகச் சிவந்தே இருக்கும். சூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு முன்பு 71 டிகிரி என்று வைத்திருந்ததை 2011-இல் 63 டிகிரி, அதன்பின் மூன்று நிமிட ஓய்வு என்று தளர்த்தியது. இணையத்தில் காணும் ‘நடுவில் ரோஜா நிறம்’ செய்முறைகள் எல்லாம் இந்த எண்ணை வைத்து எழுதியவை. அங்கே பன்றி கொட்டிலில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்க்கப்பட்டு, அறுக்கிற இடத்தில் பரிசோதனை முடிந்து வருகிறது. நம் ஊரில் இரண்டு வகைக் கறியும் கிடைக்கிறது. பண்ணைக் கொட்டிலில் வளர்ந்த வெண்பன்றி ஒன்று; தெருவில் மேய்ந்து வளர்ந்தது இன்னொன்று. மேய்கிற பன்றி மனிதக் கழிவைத் தின்னும்போது நாடாப்புழுவின் முட்டைகள் அதன் உடம்புக்குள் போய், சதையில் புழுக்கூடுகளாகத் தங்கும். பச்சைக்கறியை வெட்டும்போது அரிசி அளவில், ஓரளவு ஒளி ஊடுருவும் வெள்ளை நீர்க்குமிழிகள் தெரிந்தால் அதுதான். அந்தக் கறியைக் கழுவி, அதிகம் வேகவைத்துச் சமாளிக்கலாம் என்று பார்க்காதீர்கள். திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் எறியுங்கள்.

இதில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. வேகாத கறி வழியே வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளையில் கட்டி வந்து வலிப்பு உண்டாவது, அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் கை வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ வாய்க்குள் போவதால். பன்றிக்கறியே தொடாதவருக்கும் அது வரும். ஆக, கறியை நன்றாக வேகவைப்பது ஒரு பக்கம், கீரையையும் கையையும் கழுவுவது இன்னொரு பக்கம்.

என் கணக்கு இது: பண்ணை தெரியும், கடை தெரியும், கறி சுத்தம் என்றால் 63 டிகிரியும் மூன்று நிமிடத்துக்குக் குறையாத ஓய்வும். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத கடையென்றால் 71, பேச்சே இல்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுகிற வீட்டிலும் 71-தான். முன்கூட்டி உப்புப் போட்ட டெண்டர்லாயின் 71-இலும் சாறோடுதான் இருக்கும். கத்தியால் கீறி மசாலா அடைத்த துண்டு, கொத்தியது, அரைத்தது எல்லாவற்றுக்கும் 71. வெளிப்பரப்பில் இருக்கிற கிருமி அப்போது உள்ளே போய்விட்டது.

வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

இதில் மூன்று காரணங்கள் அடிக்கடி. ஒன்று, ஃப்ரீசரிலிருந்து எடுத்து உள்ளே இன்னும் ஐஸ் இருக்கும்போதே சட்டியில் போட்டிருப்பீர்கள். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் மேடை மேல் வைத்து உருக்குவது வேண்டாம். மேல்பாகம் கெட ஆரம்பித்த பிறகும் நடு உறைந்தே இருக்கும்.

இரண்டாவது, மசாலா. மிளகாய்த்தூள், பூண்டு விழுது, தேன், தக்காளி சாஸ் எல்லாம் சதை சிவப்பதற்கு முன்னாலேயே கருகும். வெறும் உப்போடு முதலில் சிவக்க வைத்து, தீயைக் குறைத்த பிறகோ, ஓடிஜியில் கடைசி ஐந்து நிமிடத்திலோ இவற்றைத் தடவுங்கள். மிளகுக்கும் இதே விதி. ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்து காய்க்கிற மிளகு நல்ல காரமும் வாசனையும் உள்ளது. அதை எண்ணெய் புகையும் சட்டியில் முதலிலேயே போட்டால் வாசனை போய்க் கசப்புதான் மிஞ்சும். கொரகொரப்பாக இடித்து, இறக்குகிற நேரத்தில் நெய்யோடு சேர்த்துப் புரட்டுங்கள். அடுக்களை முழுக்க மணம் எழும்பும். இருமலும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மூன்றாவது, வால். டெண்டர்லாயின் தலைப்பக்கம் தடித்து, மறுமுனையில் சப்பையாகக் கூம்பி முடியும். தலை வேகும்போது வால் கருகும். வால் பக்கம் நாலைந்து விரல் நீளத்தை அடியில் மடித்து, சமையல் நூலாலோ சாயம் போடாத பருத்தி நூலாலோ இரண்டு மூன்று இடத்தில் கட்டிவிடுங்கள். வேண்டாமென்றால் வாலை வெட்டி எடுத்து வேறு நாள் பொடிமாஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கருகிவிட்டதா? தீயைச் சிம்மில் வையுங்கள், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள், மூடி போட்டு உள்சூடு சேரும்வரை விடுங்கள். மேல்தோல் மெத்தென்று ஆகிவிடும், ஆனால் சாப்பிடலாம். கருப்பு அதிகமாக இருந்தால் மெலிதாகச் சீவி எறிந்துவிடுங்கள்.

தண்ணீர் விட்டு வெளிறிப்போனது, சிவக்கவே இல்லை

சட்டியில் ‘சுர்ர்’ என்று ஆரம்பித்த சத்தம் கொஞ்ச நேரத்தில் ‘களக் களக்’ என்று மாறினால் கறி வறுபடவில்லை, வேகிறது என்று அர்த்தம். தண்ணீர் இருக்கும்வரை அந்தப் பரப்பு கொதிநிலையைத் தாண்டாது. கறி சிவக்கவும் வறுத்த வாசனை வரவும் 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இடையில் நிற்பது ஈரம்.

கறியைக் கழுவுகிற பழக்கத்தை நம்மால் விட முடியாது, சரி. கழுவிய பிறகு சுத்தமான வேட்டித் துணியிலோ டிஷ்யூவிலோ ஒற்றி ஒற்றித் துடையுங்கள். உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்தால் மேல்பரப்பு தானே காய்ந்துவிடும். தயிரில் ஊறிய துண்டாக இருந்தால் தயிரை வழித்து எடுங்கள். சட்டியில் ஒரே நேரத்தில் ஆறேழு வில்லைகளை நெருக்கிப் போடாதீர்கள். இரண்டு விரல் இடைவெளி வேண்டும். விருந்தாளி அதிகம் என்றால் இரண்டு மூன்று ஈடாகப் போடுங்கள்.

எண்ணெயையும் பாருங்கள். செக்குக் கடலை எண்ணெய் ருசியானது. ஆனால் சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையும். புகைக்குப் பயந்து தீயைக் குறைத்தால் கறி வெளிறும். சிவக்க வைக்கச் சுத்திகரித்த எண்ணெய், கடைசியில் வாசனைக்கு ஒரு ஸ்பூன் செக்கு எண்ணெய் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

சட்டியில் ஒட்டிப் பிய்ந்துவிட்டது

உருக்காலை உள்ள ஊர். வீட்டுக்கு வீடு எவர்சில்வர். எவர்சில்வர் சட்டியில் கறி முதலில் ஒட்டத்தான் செய்யும். வெறும் சட்டியை நடுத்தர தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். பொசுங்கி மறைந்தால் சூடு போதாது. முத்தாக உருண்டு ஓடினால் சரி. இப்போது எண்ணெய், பிறகு கறி. போட்டதும் கரண்டியால் நெம்பாதீர்கள். அடி சிவந்ததும் அதுவே விட்டுக்கொடுக்கும். அடியில் பிடித்த பழுப்பைக் கழுவி ஊற்றாமல், கொஞ்சம் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ விட்டுச் சுரண்டினால் அதுதான் குழம்பு.

மெல்லிய அலுமினியச் சட்டியில் இந்த வேலை நடக்காது. பழகிய தோசைக்கல் அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஓரம் சுருண்டு வளைகிறது, ஒரு பக்கம் ரப்பராக இழுக்கிறது

பச்சைத்துண்டைத் திருப்பிப் பாருங்கள். தலைப்பக்கத்திலிருந்து பாதி நீளம் வரை, வெள்ளி நிறத்தில் மினுங்குகிற ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். சுற்றியிருக்கிற தொளதொளப்பான கொழுப்புத்தோல் வேறு. அது கையாலேயே உரிந்து வரும். இந்தச் சவ்வு சதையோடு இறுகியிருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது. சூட்டில் சுருங்கி மொத்தத் துண்டையும் வளைத்துவிடும். கூரான சிறு கத்தியின் முனையை வால் பக்கத்தில் சவ்வுக்கு அடியில் செருகி, ஒரு விரல் பிடிக்கிற அளவு கிளப்புங்கள். பிறகு அந்த நுனியை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியின் வாய் சதைப்பக்கம் சாயாமல் சவ்வைப் பார்த்துச் சற்றே மேல்நோக்கி இருக்க, தலைப்பக்கம் ஒரே ஓட்டமாகத் தள்ளுங்கள். நாடா போலச் சவ்வு மட்டும் உரிந்து வரும். அதில் ரோஸ் நிறச் சதை நிறைய ஒட்டியிருந்தால் கத்தியைக் கீழே சாய்த்திருக்கிறீர்கள். கடைக்காரரிடம் சொன்னாலும் எடுத்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்காதீர்கள்.

மேல்மாவு உரிந்து விழுகிறது அல்லது சிவக்கவில்லை

வில்லைகளை ஒரு சென்டிமீட்டராகத் தட்டி, மாவில் புரட்டிப் பொரிக்கிறவர்களுக்கான பகுதி இது. உரிவதற்குக் காரணம் ஈரமான கறியும் அவசரமும். துடைத்த கறி, முதலில் காய்ந்த மாவு, அடித்த முட்டை, பிறகு ரொட்டித்தூள். இந்த வரிசையில் புரட்டிப் பத்து நிமிடம் தட்டில் வைத்துவிட்டு, 175–180 டிகிரி எண்ணெயில் போடுங்கள்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நிறைந்த சேலத்தில் மரவள்ளி ஸ்டார்ச் மாவு மலிவு. சோள மாவுக்குப் பதில் அதைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல மொறுமொறுப்பு வரும். ஆனால் அது வெறும் மாவுச்சத்து; புரதம் இல்லாததால் பொன்னிறமாகச் சிவக்காது. ‘இன்னும் சிவக்கவில்லையே’ என்று காத்திருந்தால் உள்ளே கறி விறகாகிவிடும். நிறம் வேண்டுமென்றால் பாதி அரிசி மாவு அல்லது கொஞ்சம் கடலை மாவு கலந்துகொள்ளுங்கள். ஸ்டார்ச் மாவு பூசிய துண்டை மூடி வைத்தால் ஆவியில் ஜவ்வாகிவிடும். பொரித்ததைக் கம்பி வலைமேல் வையுங்கள்.

மேல்பாகம் மாவாகக் குழைகிறது

பப்பாளிக்காய், அன்னாசி, கிவி. மட்டனை இளக்குகிற இந்தச் சாமான்களை டெண்டர்லாயினுக்குப் போடவே கூடாது. இளகியே பிறந்த கறியை மேலும் இளக்கினால் மேல் அரை சென்டிமீட்டர் கூழாகும். எலுமிச்சையும் வினிகரும் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆகிவிட்டதென்றால் கழுவித் துடைத்து, கொத்துக்கறியாக வெட்டிவிடுங்கள்.

ஓடிஜியில் சொன்ன நேரத்துக்கு வேகவில்லை

ஓடிஜியின் திருகு 200 என்று காட்டுவதும் உள்ளே 200 இருப்பதும் ஒன்றல்ல. சின்ன ஓடிஜியில் கதவை ஒரு முறை திறந்தாலே சூடு சட்டென்று இறங்கும். முன்கூட்டியே கால் மணி நேரம் காயவிடுங்கள், இரண்டு ராடும் எரிகிறதா என்று பாருங்கள், தட்டை நடு அடுக்கில் வையுங்கள்.

சாயங்காலம் லோ வோல்டேஜ் அடிக்கிற தெருக்களில் இன்னொரு சிக்கல். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் ராடு தருகிற சூட்டில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து நிமிட வேலை இன்னும் சில நிமிடம் இழுக்கும்; அந்த நேரத்தில் கறி காய்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தெருவில் ஓடிஜியை மதியமே போட்டுவிடுங்கள்.

நடுவில் கரண்ட் போய்விட்டதா? பதற வேண்டாம். ஓடிஜிக்குள்ளேயே விட்டுவிட்டுக் காத்திருக்காமல் கறியை வெளியே எடுத்து, கனமான சட்டியில் சிறுதீயில், மூடியை லேசாகத் திறந்து வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டிவிட்டு முடிக்கலாம். ஓடிஜியே இல்லாதவர்களுக்கும் இதுதான் வழி. கேக் செய்வதற்கு அடியில் உப்புக் கொட்டி ஸ்டாண்ட் வைக்கிற கடாய் முறை இந்தக் கறிக்கு அவ்வளவு ஒத்துவராது. மூடிய கடாயில் கறியின் ஆவியே சுற்றிச் சுற்றி வரும். முதலில் சிவக்க வைத்தது வீணாகும்.

வெட்டியதும் தட்டெல்லாம் சாறு

சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள். வில்லைக்கு மூன்று நிமிடம், முழுத்துண்டுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். டிசம்பர் மாத ஏற்காட்டில் பத்து நிமிடத்தில் கறி ஜில்லிட்டுவிடும். அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, சூடான தட்டில் வையுங்கள். இறுக்கிச் சுற்றினால் மேல்தோல் நனைந்துபோகும். ஓடுகிற இழைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வாடை அடிக்கிறது

மூன்று வகை வாடை உண்டு. காற்றில்லாமல் அடைத்த பாக்கெட்டைப் பிரித்ததும் வரும் புளித்த வாடை பத்து நிமிடம் திறந்து வைத்தால் போய்விடும். போகாமல், கறி கையில் பிசுபிசுத்தால் கெட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்தில் வாங்கி, பாலித்தீன் பையோடு பஸ்ஸில் மலையேறிப் போகிறவர்கள் ஐஸ் போட்ட டப்பா வைத்துக்கொள்வது நல்லது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் கறி வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு அதற்குள் முடியும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, சூடு பட்டதும் மூத்திர வாடையும் சாணி வாடையும் கலந்து எழும்புவது. அது காயடிக்காத ஆண் பன்றியின் கறி. ஆண்ட்ரோஸ்டீனோன், ஸ்கடோல் என்ற இரண்டு பொருள்கள் கொழுப்பில் சேர்வதால் வருவது. கொழுப்பு குறைவு என்பதால் டெண்டர்லாயினில் கொஞ்சம் மட்டுப்படும், ஆனாலும் தெரியும். இஞ்சி பூண்டும் பட்டை கிராம்பும் இதை மறைக்குமே தவிரப் போக்காது. வீட்டில் ஒருவர் மூக்கைப் பிடிப்பார், இன்னொருவர் ஒன்றும் தெரியவில்லையே என்பார். அந்த மணத்தை நுகரும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சண்டை வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது பெண் பன்றியா, காயடித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

மிச்சமானது மறுநாள் காய்ந்து, பழைய வாடை அடிக்கிறது

வெந்த கறியைத் திரும்பச் சுட வைத்தால் இரண்டாவது முறை வேகிறது. அதோடு ஃப்ரிட்ஜில் இருந்தபோது கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஒரு பழைய மணம் பிடித்திருக்கும். வெட்டாமல் முழுத்துண்டாக, இறுக்கமாக மூடி வைத்தால் இரண்டும் குறையும். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்ந்த நிலையிலேயே கண்ணாடிக் கனத்துக்குச் சீவி, எலுமிச்சை, பச்சை மிளகாய், சின்ன வெங்காயத்தோடு கலந்து ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே நல்லது. சூடாகத்தான் வேண்டும் என்றால் வெங்காயம், தக்காளி, மிளகு போட்டுக் கெட்டியாக ஒரு தொக்கு தனியாக வதக்கி, அடுப்பை அணைத்த பிறகு சீவிய கறியைப் போட்டு மூடிவிடுங்கள். தொக்கின் சூடே போதும். ஒரே ஒருவருக்குத்தான் என்றால் அவருக்கு வேண்டிய அளவை மட்டும் சீவி எடுத்துக்கொண்டு, மீதியை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள்.